மாடிச் செடிகளின் தாய்ப்பத்திரம்

மதிப்பிற்கும் பாசத்திற்கும் ஒருங்கே உரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அக்காளைக் கைப்பிடித்த ஒரே காரணத்தால் இன்றுவரை தங்களால் அத்தான் என்று அழைக்கப்பட்டுவரும் நான் எழுதிக்கொள்வது.

தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தங்கள் சரக்கு வண்டியும், அதன் நான்கு சக்கரங்களும் குறையொன்றுமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதிப் பிழைத்தவனுக்குத் தெரிந்தே ஒரு பொய்யை எழுதக் கை வராது. ஆகையால் நான் நலமில்லை. அதிர்ச்சியில் இருக்கிறேன். சாப்பிடும்போதும் அதிர்ச்சி, குளிக்கும்போதும் அதிர்ச்சி, நேற்று சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடை வரைக்கும் போய்விட்டு வந்தேன். போனில் சொல்லியிருக்கலாம், நம் வீட்டில் போன் பேசினால் சமையலறை வரைக்கும் கேட்கும், பேச வேண்டியதோ சமையலறையில் இருப்பவரைப் பற்றி. விஷயத்துக்கு வருகிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளவும். தங்கள் அக்கா... எப்படி எழுதுவது... மாப்பிள்ளை, உன் அக்காவுக்குக் கை நீளம்.

முதலிலிருந்து சொல்கிறேன். கம்ப்யூட்டர் வந்து என் பேனாவை வீட்டுக்கு அனுப்பியதும், பதிவு அலுவலக வாசலில் இருந்த என் மேசையும் நாற்காலியும் வீட்டுக்கு வந்ததும் உனக்குத் தெரியும். மேசைக்கு இடம் கிடைத்துவிட்டது, எனக்குத்தான் கிடைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் கூட்ட வேண்டும் என்பாள், வாசலில் உட்கார்ந்தால் கழுவ வேண்டும் என்பாள். ஒருநாள் அவளே வந்து, "சும்மாதானே இருக்கீங்க, மாடியில எந்தச் செடிக்கு எப்ப உரம் போட்டேன்னு எனக்கு மறந்து மறந்து போகுது, ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்களேன்" என்றாள். கேட்டது அவ்வளவுதான். ஒரு பேப்பர். ஆனால் சும்மா இருந்தவனிடம் எழுத்து வேலையைக் கொடுத்தால் ஒரு பேப்பரோடு நிற்குமா? கெட்டி அட்டை போட்ட பெரிய பதிவேடு ஒன்று வாங்கி, சிவப்பு மையில் கோடு இழுத்து, வரிசை எண், செடியின் பெயர், நான்கு எல்லை, உரம் போட்ட தேதி, நோய் நொடி விவரம் என்று ஐந்து கட்டம் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று குறைந்தது. ஒரு சொத்தை எழுதினால் அது இதற்கு முன்னால் யாரிடம் இருந்தது, அவரிடமிருந்து எப்படிக் கை மாறியது என்று எழுத வேண்டாமா? தாய்ப்பத்திரம் இல்லாத சொத்தைத் தொடக்கூட மாட்டேன் நான், அது ஊரறிந்த விஷயம். ஆகவே யாரும் கேட்காமலே ஆறாவது கட்டம் ஒன்று போட்டு, 'செடி வந்த வழி' என்று தலைப்பும் எழுதினேன். அந்தக் கோட்டை இழுத்த கையை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. காலையில் நான் மாடிக்குப் போய் ஒவ்வொரு தொட்டிக்கும் நான்கு எல்லை எழுதுவேன். கிழக்கே துணி காயப்போடும் கம்பி, மேற்கே உடைந்த நீல வாளி (அதிலும் ஒரு செடி), தெற்கே தண்ணீர்த் தொட்டி, வடக்கே காற்று. எழுதி, மை காய்ந்து, நான் கீழே இறங்குவதற்குள் உன் அக்கா மேலே வந்து, வெயில் போதவில்லை என்று கிழக்கே இருந்ததை மேற்கே வைப்பாள், வெயில் கூடிவிட்டது என்று மேற்கே இருந்ததைப் படிக்கட்டில் வைப்பாள். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தால் ஒரு எல்லைகூடச் செல்லாது. நானும் சளைக்காமல் பிழைத்திருத்தல் எழுதினேன். பிறகு பிழைத்திருத்தலுக்குப் பிழைத்திருத்தல். தொட்டியைச் சுற்றிச் சாக்குக் கட்டியால் வட்டம் போட்டுப் பார்த்தேன், அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டாள். அடையாளத்துக்கு ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையைப் பதிவேட்டில் ஒட்டினேன். ரணகள்ளி என்று ஒன்று உண்டே, தடித்த இலை, அதையும் ஒட்டினேன். சில நாள் கழித்துப் பக்கத்தைத் திருப்பினால், அந்த இலையின் ஓரமெல்லாம் வேர் விட்டுக் குட்டி குட்டியாகச் செடி முளைத்து நிற்கிறது! என் பதிவேட்டுக்குள்! அதற்கு நான்கு எல்லை என்ன எழுதுவது என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, உன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகிவிட்டது என்று எனக்கு அப்போது தோன்றியது. அந்தக் குட்டிக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தேன்.

இன்னொன்றும் அப்போதே கவனித்திருக்க வேண்டும். செடிகளுக்கு அவள் வைத்திருக்கிற பெயர்கள். வெள்ளை ஓரம் வைத்த இலைச் செடிக்குப் பெயர் 'பல்லு'. ரணகள்ளிக்குப் பெயர் 'ஆபரேஷன்'. செம்பருத்திக்கு 'அட்மிஷன்'. மணி பிளாண்டுக்கு 'பாஸ்போர்ட்'. மூலையில் வயதாகி, தண்டு கட்டையாகி நிற்கும் குரோட்டன்ஸுக்குப் பெயர் 'இதோவந்துட்டேன்'. பிள்ளைகளுக்குச் செல்லப் பெயர் வைப்பதில்லையா, அதுபோல ஏதோ என்று நினைத்து நானும் இரண்டாவது கட்டத்தில் அப்படியே அழகாக எழுதிவைத்தேன். படித்த முட்டாள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் தாராளமாக என்னைக் காட்டு.

ஐந்து கட்டமும் நிரம்பியது. ஆறாவது கட்டத்துக்கு அவளைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு அவள் மண் மாற்றிக்கொண்டிருந்தாள், நான் உர மூட்டைக்குப் பக்கத்தில் பதிவேட்டோடு நின்றேன்.

"இந்தப் 'பல்லு' எங்க வாங்கினது?"

"வாங்கல."

"யாராவது குடுத்தாங்களா?"

"குடுக்கல."

"அப்புறம்?"

"வந்துச்சு."

'வந்துச்சு' என்று எழுத என் பதிவேட்டில் கட்டம் இல்லை. சொத்து வாங்கியிருக்க வேண்டும், அல்லது யாராவது கொடுத்திருக்க வேண்டும், அல்லது வாரிசாக வந்திருக்க வேண்டும். தானாக எப்படி வரும், நடந்தா வரும் என்று கேட்டேன். அவள் மண் ஒட்டிய வலது கையைத் தூக்கி, கட்டை விரல் நகத்தையும் ஆள்காட்டி விரல் நகத்தையும் சேர்த்து ஒரு கிள்ளு கிள்ளிக் காட்டினாள். "பல் டாக்டர் வீட்டுல, நீங்க உள்ள பல்லப் புடுங்கிட்டிருந்தீங்க, வெளிய ஜன்னல்ல இது இருந்துச்சு. ஒரு கொழுந்துதான்." நான் உர மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். "இந்த 'ஆபரேஷன்'?" என்றேன். ஆஸ்பத்திரி வராண்டா, எனக்குக் குடலிறக்கத்துக்கு அறுத்த அன்றைக்கு. 'அட்மிஷன்', பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை அறை வாசல். 'பாஸ்போர்ட்', அந்த அலுவலகத்தில் காவலுக்கு நின்றவர் முதுகுக்குப் பின்னாலேயே! காவலர் முதுகு, மாப்பிள்ளை! ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிக் கேட்கிறேன், ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு நகமும் கிள்ளிக் காட்டுகின்றன. கடையில் காசு கொடுத்து வாங்கியது ஒரே ஒரு கற்றாழை, அது அன்றைக்கென்று அழுகிப்போய் நின்றது.

எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூக்குக் கண்ணாடிக் கூட்டில் ஈரக் கைக்குட்டையைச் சுற்றி வைப்பாளாம், வெளியே கிளம்பும்போதே வீட்டிலிருந்து நனைத்து எடுத்துக்கொண்டு போவாளாம். முன்கூட்டியே திட்டம்! கண்ணாடிக் கூடு கொள்ளாத பெரிய கிளையென்றால் என் பத்திரப் பையில் போட்டுவிடுவாளாம். என் பையில்! ஊரார் நம்பி ஒப்படைத்த கிரயப் பத்திரத்துக்கும் யாரோ ஒரு பெரியவரின் உயிலுக்கும் நடுவில் திருட்டுக் கிளையை வைத்து, அதை நானே தோளில் மாட்டிக்கொண்டு, எதிரே வந்த நீதிபதிக்கு வணக்கம் வேறு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒரு உயிலின் ஓரத்தில் ஈரக் கறை இருந்ததற்கு அந்தக் காலத்தில் என் எடுபிடிப் பையனை வைதேனே, அவனை இப்போது எங்கே போய்த் தேடுவது?

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? கொஞ்சமும் அசராமல், தொட்டியில் மண்ணைத் தட்டி அமுக்கிக்கொண்டே, "காத்திருந்தேன். கைக்கு வேல இல்ல. கிள்ளினேன்" என்றாள். அந்த 'இதோவந்துட்டேன்' இருக்கிறதே, மூலையில் நிற்கும் கிழட்டுக் குரோட்டன்ஸ், அதுதான் முதல் திருட்டாம். எங்கே என்கிறாய்? நான் பத்திரம் எழுதிய அதே பதிவு அலுவலக வராண்டாவில். "கல்யாணமான புதுசு. சினிமாவுக்குப் போலாம், வந்து உக்காருன்னு சொன்னீங்க. போய் உக்காந்தேன். நாலு தடவ தலைய நீட்டி 'இதோ வந்துட்டேன்'னீங்க. வெளக்குப் போட்டாங்க, பெருக்குறவங்க வந்து பெஞ்சுக்கு அடியில பெருக்கிட்டுப் போனாங்க. கடைசியில நீங்க வந்து, 'பசிக்குது, வீட்டுக்குப் போலாமா'ன்னீங்க. நான் வெறுங்கையோட போக வேணாம்னு ஒண்ணக் கிள்ளிக்கிட்டேன்" என்றாள். இது ஒரு சமாதானமா? அன்றைக்கு ஏழு அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தன் ஒத்துக்கொண்டால் இன்னொருத்தன் எழுந்து வெளியே போவான், நான் எப்படி எழுந்து வருவது? காத்திருப்பது ஒரு வேலையா? மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கு என்ன கஷ்டம்? உலகத்தில் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருப்பதைக் கிள்ள ஆரம்பித்தால் ஓர் அலுவலகத்திலாவது இலை மிஞ்சுமா? நீயே சொல்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, முறைப்படுத்திவிடலாம் என்று நினைத்தேன். செடியின் உரிமையாளர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, 'மேற்படி கொழுந்தின் பேரில் எனக்கு இருந்த சகல பாத்தியதைகளையும் மனமுவந்து விட்டுக்கொடுத்தேன்' என்று ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிவிட்டால் ஆறாவது கட்டம் சுத்தமாகிவிடும். எல்லாவற்றையும் அழகாக எழுதி எடுத்துக்கொண்டு முதலில் பல் டாக்டரிடம் போனேன். உதவியாளர் பெண் பெயரைக் கேட்டாள், சொன்னேன். என்ன விஷயம் என்று கேட்டாள், டாக்டரிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்றேன். கூப்பிட்டார்கள், போனேன், உட்காரச் சொன்னார்கள், அங்கே இருப்பது ஒரே நாற்காலி, அதில் உட்கார்ந்தேன், அது பின்னால் சாய்ந்தது. வாயைத் திறங்க என்றார். பேசத்தானே வந்திருக்கிறோம் என்று திறந்தேன். அதற்குப் பிறகு வாயில் ஒரு குழாய், ஒரு கண்ணாடி, ஓர் ஊசி. அவ்வளவையும் வைத்துக்கொண்டு 'ஜன்னல் செடி' என்று சொல்லிப் பார், என்ன வருகிறதென்று தெரியும். "வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க, முடிஞ்சுது" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நல்ல பல் ஒன்றை அடைத்துவிட்டார், மாப்பிள்ளை. மரத்துப்போன வாயோடு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சார், அந்தச் செடி காஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு. யார் தண்ணி ஊத்துறது? இப்ப இருக்கிறது பிளாஸ்டிக்" என்றார். போய்த் தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக்தான், தூசி கனமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்றார்கள், ஒரு செடி சம்பந்தமாக என்றேன், செடிக்கு என்ன என்றார்கள், செடிக்கு ஒன்றுமில்லை எனக்குத்தான் மன நிம்மதி இல்லை என்றேன். உடனே ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்து மூன்றாவது மாடிக்குப் போகச் சொன்னார்கள். போனேன். அங்கே இருந்த டாக்டர் ரொம்பக் கனிவானவர், தூக்கம் எப்படி வருகிறது, குரல் ஏதாவது கேட்கிறதா என்று விசாரித்தார். ஒரு மணி நேரம் போராடி வெளியே வந்து வராண்டாவைப் பார்த்தால், ரணகள்ளி இருந்த இடத்தில் சோடா விற்கும் இயந்திரம் நிற்கிறது. கடைசியாக என் பழைய பதிவு அலுவலகம். பெருக்குகிற அம்மா இன்னும் இருக்கிறார். "அந்தக் குரோட்டன்ஸா? மீந்த டீய எல்லாம் அதுலதானே ஊத்துவீங்க. அது எப்பவோ போயிருச்சு" என்றார். போன இடத்திலெல்லாம் இதே கதை. தாய்ச் செடி எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. கிள்ளி வந்தது மட்டும் நம் மாடியில் தளதளவென்று நிற்கிறது. கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது, எழுதிக்கொடுக்கச் சொத்து இல்லை. இப்படி ஒரு சிக்கலை நான் என் தொழிலில் பார்த்ததே கிடையாது.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். திருந்துவாள் என்று பார்த்தால், முகம் எப்படியோ ஆகிவிட்டது. "யார் யாரப் போய்ப் பாத்தீங்க?" என்றாள். சொன்னேன். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?" என்றாள். எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டேன் என்றேன். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு, "சரி. எல்லாத்தையும் கொண்டுபோய் அங்கங்க வச்சிடலாம். உங்க பதிவேடு சுத்தமாகட்டும்" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, சும்மா அவ்வளவுதான் சொன்னாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு தொட்டியாகப் படியிறங்குகிறது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன, வரிசை எண் எழுதி நான் கட்டிவிட்ட சீட்டுகளோடு, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் நிற்கிற மாதிரி. நேற்று மாடிக்குப் போனேன். மிச்சம் இருப்பது அந்தக் குரோட்டன்ஸ் மட்டும்தான், கனம் அதிகம், அவளால் தூக்க முடியவில்லை. எல்லை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கிழக்கே வெறும் தரை. மேற்கே வெறும் தரை. எழுதப் பிடிக்காமல் மூடிவைத்துவிட்டேன்.

அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள். சாப்பாட்டையும் ஒதுக்கிவிட்டாள், இரண்டு நாளாக வெறும் பால்தான், உண்ணாவிரதம் என்று நினைக்கிறேன். கன்னத்தில் கை வைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்தே இருக்கிறாள். இன்று காலையிலிருந்து தலையைச் சுற்றித் தாடையோடு சேர்த்து ஒரு துணியையும் கட்டிக்கொண்டு போர்க்கோலம் பூண்டிருக்கிறாள். கட்டிய கணவன் மேல் இவ்வளவு வன்மமா? நான் என்ன செய்துவிட்டேன்? உண்மையை எழுதினேன், அவ்வளவுதானே! இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன், இதை மட்டும் அவளிடம் சொல்லாதே: வீட்டில் அவள் குரல் கேட்காமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது. வரும் ஞாயிற்றுக்கிழமை உன் சரக்கு வண்டியைக் காலியாக எடுத்துக்கொண்டு வந்து, தொட்டிகளை ஏற்றி, பதிவேட்டின்படி உரிய இடங்களில் இறக்கிவிடவும். தாய்ச் செடி இல்லாவிட்டாலும் இடமாவது இருக்கிறது, நியாயம் என்று ஒன்று உண்டு. போகிற வழியில் உன் அக்காவுக்கும் நாலு வார்த்தை புத்தி சொல்லவும். நீ சொன்னால் கேட்பாள், சின்ன வயதில் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். உன் மனைவிக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல். எல்லாரும் நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும், வந்த வழி தெரிந்த பொருள்களோடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
என்றும் உன் நன்மையை நாடும்,
அத்தான்.

பின்குறிப்பு: மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடு. இதைத் தபாலில் போடக் கிளம்பும்போதுதான் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஆட்டோவில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன், கோணல் எழுத்தை மன்னிக்கவும். நான் வாசலில் செருப்பைப் போடும்போது உன் அக்கா கிட்டே வந்து தாடைத் துணியை அவிழ்த்துக் காட்டினாள். கன்னம் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருக்கிறது! கோபமில்லை மாப்பிள்ளை, பல்வலி! கோபமும் உண்டாம், ஆனால் பேசாததற்குக் காரணம் பல்தானாம். "சொல்றதுக்கென்ன?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "முன்னாடியே சொன்னேன். எல்லை எழுதிட்டிருந்தீங்க, 'இதோ வந்துட்டேன்'னீங்க" என்றாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

உடனே ஆட்டோ பிடித்துப் பல் டாக்டரிடம் கிளம்பினோம். கிளம்பும்போது வாசலில் இருந்த 'பல்லு'த் தொட்டியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போவது போகிறோம், இதையும் கொடுத்துவிடலாம் என்று கையால் சைகை. அங்கே உதவியாளர் பெண் அதை வாங்கி, "ஐயோ அம்மா, இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது" என்று சொல்லிக்கொண்டே செருப்பு வைக்கும் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். வெளிச்சமே இல்லாத இடம். உன் அக்கா அதைத் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் காத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் அந்த இயந்திரம் கிர்ரென்கிறது, நிற்கிறது. நின்றால் ஏன் நின்றது என்று எழுந்து நிற்கிறேன், மறுபடி கிர்ரென்றால் ஏன் இவ்வளவு நேரம் என்று உட்கார்கிறேன். சட்டையில் பேனா இருக்கிறது, எழுத ஒன்றும் இல்லை. அட்டை கிழிந்த பழைய பத்திரிகையைத் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார். ஒரு பல்லுக்கே இப்படி. எனக்கு வயிற்றைக் கிழித்தார்களே, அன்றைக்கு அந்த வராண்டாவில் அவள் என்ன பாடு பட்டிருப்பாள்? பயமாக இருந்தது மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கைப்பையைத் திறந்தேன், கண்ணாடிக் கூடு இருந்தது. கூட்டைத் திறந்தேன். ஈரக் கைக்குட்டை. இவ்வளவு வலியிலும் நனைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

எப்படிச் செய்தேன் என்று கேட்காதே. உதவியாளர் பெண் போனில் திரும்பிய நேரம், செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன குடையை விரித்தேன். வீட்டுக்குள்ளே குடை விரித்தவனை எல்லாரும் பார்த்தார்கள், குடைக்குள்ளே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்து, எங்களுக்காக நின்றிருந்த ஆட்டோவில் ஏறி, தொட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டோக்காரர் திரும்பி, "நல்ல செடி சார். வாங்கினீங்களா?" என்றார்.

"இல்லப்பா."

"டாக்டர் குடுத்தாரா?"

"குடுக்கல."

"அப்புறம்?"

"வந்துச்சு" என்றேன். என் வாய்தான் சொன்னது.

உன் அக்கா இப்போதுதான் வந்து ஏறினாள். பல்லைப் பிடுங்கிவிட்டார்களாம், ஒரு பக்கம் முழுக்க மரத்துப்போயிருக்கிறது. தொட்டியைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்னொரு பக்கம் மட்டும் சிரிக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. வண்டியைக் காலியாகக் கொண்டுவராதே, நல்ல செம்மண்ணாகப் பார்த்து ஏற்றி வா. தொட்டிகளை மாடிக்குத் தூக்க வலுவான ஆள் இரண்டு பேரையும் கூட்டி வா. பதிவேடு வீட்டில் இருக்கிறது, மறப்பதற்கு முன் இங்கேயே குறித்துவைக்கிறேன்:

பெயர்: பல்லு. நான்கு எல்லை: கிழக்கே உன் அக்கா, மேற்கே நான், வடக்கே ஆட்டோக்காரர் முதுகு, தெற்கே குடை. உரம்: போட வேண்டும். செடி வந்த வழி: வந்துச்சு.